பவர் பிஐ: புது சார்ட் போடப்போனால் பழையது மாறுகிறதே!

கேள்வி: ஜவுளி மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எக்செல் நல்ல பழக்கம். மாத விற்பனை அறிக்கையை இனி பவர் பிஐயில் (மைக்ரோசாஃப்டின் அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்) தரச் சொல்லிவிட்டார்கள். திறந்தால் எங்கு பார்த்தாலும் பட்டன். ஒரு சார்ட் போட்டுவிட்டு இரண்டாவது போடப் போனால், முதல் சார்ட்டே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எதிலிருந்து பழகுவது?

பதில்: அந்த மாறுகிற சார்ட்டிலிருந்தே தொடங்குவோம். புதிதாக வருகிற எல்லோரும் முதல் நாளே இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் சார்ட் தேர்வாகியிருக்கும்போது 'விஷுவலைசேஷன்ஸ்' பகுதியில் வேறொரு சார்ட் வகையின் சிறு படத்தைத் தொட்டால், "இதை அப்படி மாற்று" என்றுதான் பவர் பிஐ எடுத்துக்கொள்ளும். வெற்று இடத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு அப்புறம் தொடுங்கள். புது சார்ட் வரும். ஏற்கெனவே மாறிப்போயிருந்தால் கன்ட்ரோல் இசட்.

வலப்பக்கம் முழுக்க இதே கதைதான். எது தேர்வாகியிருக்கிறதோ அதற்கேற்ப அங்கே உள்ளவை மாறும். பிரஷ் படத்தைத் தொடுங்கள்: எதுவும் தேர்வாகாவிட்டால் பக்கத்தின் அளவு, பின்னணி, சார்ட் தேர்வாகியிருந்தால் அதன் நிறம், எழுத்து. 'ஃபில்டர்ஸ்' பகுதியிலும், அந்த ஒரு சார்ட்டுக்கு மட்டுமான வடிகட்டி, சார்ட்டைத் தேர்ந்தால்தான் தலைகாட்டும். கடைசியில் இருப்பது 'டேட்டா' பகுதி, உங்கள் பத்திகளின் பெயர்ப் பட்டியல். பழைய வீடியோக்களில் இதன் பெயர் 'ஃபீல்ட்ஸ்', குழம்ப வேண்டாம்.

இடது ஓரத்தில் ரிப்போர்ட், டேபிள், மாடல் என்று சிறு படங்கள் இருக்கும். டேபிளைத் திறந்ததும் எக்செல் மாதிரியே தெரியும். ஆனால் கட்டத்துக்குள் போய் எண்ணைத் திருத்த முடியாது. எக்செல்காரர்களுக்கு எரிச்சல் வரும் இடம் இது. திருத்தும் வேலைக்குத் தனி ஜன்னல்: ஹோமில் 'ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா'. அங்கே காலி வரிகளை நீக்கினால், ஊர்ப் பெயரைச் சீராக்கினால், ஒவ்வொன்றும் வலப்பக்கம் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலில் ஒரு படியாகப் பதிவாகும். மூல எக்செல் கோப்பு அப்படியே இருக்கும். அடுத்த மாதக் கணக்கை அதே கோப்பில் சேர்த்து 'ரெஃப்ரெஷ்' கொடுத்தால் எல்லாப் படிகளும் தானே ஓடும். இந்த மென்பொருளுக்கு மாறுவதில் உங்களுக்குக் கிடைக்கும் நிஜமான லாபம் இதுதான் என்பேன். சார்ட் அழகெல்லாம் அப்புறம். முடித்ததும் 'க்ளோஸ் அண்ட் அப்ளை'.

இனி கணக்கு வேலையில் கட்டாயம் இடிக்கும் சில விஷயங்கள். டேட்டா பகுதியில் சில பெயர்களுக்கு முன்னால் சிக்மா குறி (Σ) இருக்கும்; "இதைத் தானாகக் கூட்டிவிடுவேன்" என்று அர்த்தம். ஆண்டு என்ற பத்தி எண்ணாக இருந்தால் அதற்கும் அந்தக் குறி விழும். அதை அட்டவணையில் போட்டால் 2023, 2024 இரண்டையும் கூட்டி 4047 என்று காட்டும்! டேபிளில் அந்தப் பத்தியைத் தேர்ந்து, 'காலம் டூல்ஸ்' (இது நேரக்காலம் அல்ல, பத்தி) பட்டையில் 'சம்மரைசேஷன்' என்பதை 'டோன்ட் சம்மரைஸ்' ஆக்குங்கள்.

மாதப் பெயர் ஆங்கிலத்தில் எழுத்தாக இருந்தால் அகர வரிசையில் நிற்கும். நம் நிதியாண்டுக்கு ஏப்ரல் முதலில் வருவதால் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும். அடுத்து ஆகஸ்ட் வரும்போதுதான் குட்டு உடையும். ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று ஓர் எண் பத்தி சேர்த்து, மாதப் பத்தியைத் தேர்ந்து, அதே பட்டையில் 'சோர்ட் பை காலம்' வழியாக அந்த எண்ணைக் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, 1.25 கோடி ரூபாய் விற்பனையை கார்டில் (ஒற்றை எண்ணைப் பெரிதாகக் காட்டும் கட்டம்) போட்டால் 12.5 மில்லியன் என்ற கணக்கில்தான் காட்டும். 'டிஸ்ப்ளே யூனிட்ஸ்' பட்டியலில் லட்சம், கோடி கிடையாது. அதை 'நன்' (None, அலகு வேண்டாம்) என்று மாற்றினால் முழு எண்ணும் வரும். முதலாளி மேசைக்குப் போகிற அறிக்கையில் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.