குட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

செல்லப்பிராணிகள் பகுதி: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் மகன் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான். அமெரிக்கன் புல்லி நாய்க்குட்டி வேண்டும் என்று ஆறு மாதமாக ஒரே பிடிவாதம். சேலத்தில் ஒருவர் 40 நாள் குட்டியை 30,000 ரூபாய்க்குத் தருகிறாராம். காதை வெட்டித் தரத் தனிப் பணமாம். நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த நாய் ஆளைக் கடித்துக் குதறும் என்கிறார்களே, வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அம்மா, உங்கள் பயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிக்காத நாய் இனம் என்று ஒன்று கிடையாது. புல்லி வகை கடித்தால் பிடித்த பிடியை விடாமல் உலுக்கும், அதனால் காயம் பெரிதாகிறது. தாடை பூட்டிக்கொள்ளும் என்று சொல்வது வெறும் கட்டுக்கதை. அந்த எலும்பில் பூட்டு எதுவும் இல்லை, நாய்தான் விடுவதில்லை.

இதன் பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள். காளையைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவும் விளையாட்டை இங்கிலாந்து 1835-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அப்புறம் அந்த நாய்களை டெரியர் என்ற வேட்டைநாய் வகையோடு கலந்து, நாயோடு நாயை மோதவிட்டார்கள். பிட்புல் வந்தது அந்த வழியில். அமெரிக்கன் புல்லி பிட்புல்லிலிருந்து பிரிந்த இனம். வீட்டுத் துணைக்கென்றே உருவாக்கியதால் ஆட்களிடம் பெரும்பாலும் குழைந்துதான் நிற்கும். மற்ற நாய்களைக் கண்டால் எழும் வேகம் மட்டும் பல நாய்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. அது குட்டியில் தெரியாது. ஒன்றரை, இரண்டு வயதில்தான் வெளியே வரும்.

நம் ஊரில் எந்தத் தெருமுனையில் நாய் இல்லை? நீங்கள் சங்கிலியோடு கிளம்பினால் நாலு தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வரும். மற்ற நாய் உறுமும், பல்லைக் காட்டும், பின்வாங்கும். புல்லி சில சமயம் சத்தமே இல்லாமல் பாய்ந்துவிடும். முப்பது கிலோ நாய் அப்படி இழுக்கும்போது சங்கிலி யார் கையில் இருக்கும் என்று யோசியுங்கள். மகன் அடுத்த வருடம் வேலைக்குப் போய்விடுவான். நாய்க்கு இரண்டு வயதாகும்போது அது உங்கள் கையில் இருக்கும். அவன் கூடவே கொண்டுபோகவும் வழி குறைவு. சென்னையில் வேலை கிடைத்தால், அந்த மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புது உரிமம் தருவதில்லை என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்துவிட்டது. புல்லியைப் பார்த்துப் பிட்புல் இல்லை என்று சொல்ல எல்லோராலும் முடியாது.

என் வீட்டில் இருக்கும் கருப்பன் பிட்புல் கலப்பு. ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் கிளினிக் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது அவனுக்கு இரண்டு வயது இருக்கும். கழுத்தில் சங்கிலி அறுத்த புண், உடம்பெல்லாம் உண்ணி. என் மாமியார் மடியில் தலை வைத்துத்தான் தூங்குவான், அவ்வளவு பாசம். ஆனால் இன்றுவரை கடிக்க முடியாதபடி முகத்தில் மாட்டும் வாய்மூடி இல்லாமல் அவனைத் தெருவில் இறக்கியதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நடை, அதுவும் என் கணவர் அல்லது நான் மட்டும். இருவரும் ஊரில் இல்லாத நாளே இருக்கக் கூடாது என்று ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறோம். இவனை வளர்ப்பதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனால் இப்படி ஒரு வாழ்க்கைக்கு உங்கள் வீட்டில் யார் தயார் என்று மகனிடம் கேளுங்கள்.

அந்த சேலத்துக்காரரிடம் வாங்கவே வாங்காதீர்கள். நாய் விற்பனை பற்றிய 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்ததிடமும் விளையாடித்தான் கற்கிறது. 40 நாளில் பிரித்தால் அந்தப் பாடம் பாதியில் நிற்கும். காதை வெட்டுவது வேண்டவே வேண்டாம். அதனால் நாய்க்கு ஒரு பயனும் இல்லை, வலிதான்.

வாடகை வீடு, கீழே சின்னப் பிள்ளைகள், வளர்க்கக் கேட்டவன் ஊரைவிட்டுப் போகப்போகிறான். இப்போது வேண்டாம் அம்மா. மகனுக்கு நாய் மேல் உண்மையான ஆசை என்றால், தெருவில் தவிக்கும் நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்க்கட்டும்.

கேள்வி: எங்கள் பிட்புல்லுக்கு ஒன்றரை வயது. கூடவே வளர்ந்த பக்கத்து வீட்டு நாயைப் போன வாரம் கடித்துவிட்டது. கருத்தடை செய்தால் சரியாகிவிடுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அதை மட்டும் நம்பாதீர்கள். ஆண் நாய் சுற்றித் திரிவது குறையலாம், சண்டைக் குணம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் இனி ஒன்றாக விடாதீர்கள், சமாதானம் செய்துவைக்கவும் முயலாதீர்கள். கூடை மாதிரி இருக்கும் வாய்மூடி வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டே நாய் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணிப் பட்டை வாயை இறுக்கிவிடும், வெயிலில் ஆபத்து. முதல் வாரம் கூடைக்குள் கோழித்துண்டு வைத்துத் தானாக மூக்கை நுழைக்கப் பழக்குங்கள். கடிபட்ட நாயின் வைத்தியச் செலவை நீங்களே கொடுங்கள். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி, வளர்ப்பு விலங்கை அஜாக்கிரதையாக விட்டு ஆளுக்கு ஆபத்து வந்தால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அடுத்த முறை நடுவில் ஒரு குழந்தையின் கை இருக்கலாம்.

கேள்வி: எங்கள் புல்டாக் மதிய வேளையில் நாக்கைத் தள்ளிக்கொண்டு குறட்டை மாதிரி மூச்சு விடுகிறது. சாதாரணமா?
- வாசகி, வேலூர்

பதில்: இல்லை. தட்டை மூக்கு நாய்க்கு மூச்சு வாங்கி உடலைக் குளிர்விக்கும் சக்தி குறைவு. காலை ஏழுக்குப் பின்னும் மாலை ஆறுக்கு முன்னும் நடக்க விடாதீர்கள். நாக்கு நீலம் பாய்ந்தாலோ கால் தள்ளாடினாலோ உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்று படும்படி வைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.