வட்டைக் காவலுக்கு வெப்பக் கமரா: குறைந்த காசில் எதை வாங்குவது?

வேளாண்மை கதிர் தள்ளியதும் கிழக்கிலங்கையின் படுவான்கரையிலும் பொத்துவில், திருக்கோவில் பக்கத்திலும் வட்டைகளில் (வயல்வெளிகளில்) யானைக்குக் காவல் தொடங்கிவிடும். கையில் பிடிக்கும் வெப்பக் கமரா (வெளிச்சத்தை அல்ல, சூட்டைப் படமாகக் காட்டும் கருவி) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

வெல்லாவெளி: அண்ணன், பத்துப் பேர் காசு சேர்க்கிறம். 160, 256, 384 எண்டு போட்டிருக்கு. எது எடுக்கலாம்?

256×192 எடுங்கள். அவை சென்சரில் உள்ள புள்ளிகளின் கணக்கு. 160×120 இல் மொத்தம் 19,200 புள்ளிகள், 256 இல் 49,152. தூரத்தில் நிற்பது எருமையா யானையா என்ற கேள்வி இந்த வித்தியாசத்தில்தான் தீரும். 384×288 இன்னும் நல்லது, ஆனால் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் காசுக்கு வட்டையின் இரண்டு மூலைப் பரணுக்கும் ஒவ்வொரு 256 வாங்குவது மேல். யானை ஒரு பக்கத்தால் மட்டும் வருவதில்லை.

சம்மாந்துறை: பெட்டியில '1,000 மீற்றர்' எண்டு இருக்கு. நம்பலாமா?

நம்பி வாங்காதீர்கள். அது 'ஏதோ சூடாக ஒன்று இருக்கிறது' என்று தெரியும் தூரம். ஸ்கிரீனில் இரண்டு மூன்று புள்ளிதான் மினுங்கும். காவலுக்கு வேண்டியது என்ன மிருகம் என்று தெரியும் தூரம். அதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். புள்ளியின் அளவை (இப்போது பெரும்பாலும் 12 மைக்ரோன்) லென்ஸின் குவியத் தூரத்தால் (10 மி.மீ., 25 மி.மீ. என்று போட்டிருப்பது) பிரித்துப் பத்தால் பெருக்குங்கள். 100 மீற்றரில் ஒரு புள்ளி எத்தனை சென்ரிமீற்றரை மூடும் என்று வரும்.

10 மி.மீ. லென்ஸ் என்றால் 12 சென்ரிமீற்றர். 2.4 மீற்றர் உயர யானை 100 மீற்றரில் 20 புள்ளி, 200 இல் 10, 400 இல் 5. பத்துப் புள்ளி இருந்தால் முதுகும் தலையும் பிரிந்து தெரியும். ஐந்தில் வெறும் வெள்ளைக் கட்டி. 1.3 மீற்றர் எருமை 200 மீற்றரிலேயே அந்த ஐந்து புள்ளிக்கு வந்துவிடும். ஆகவே 10 மி.மீ. லென்ஸில் 200 மீற்றருக்கு அப்பால் தெரியும் கட்டியை யானை என்றே எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

சம்மாந்துறை: அப்ப 25 மி.மீ. லென்ஸ் வாங்கினா தூரம் கூடுமே?

கூடும் தம்பி, ஆனால் பார்வை ஒடுங்கும். 256 சென்சரில் 10 மி.மீ. லென்ஸ் 100 மீற்றரில் சுமார் 31 மீற்றர் அகலத்தைக் காட்டும். 25 மி.மீ. 12 மீற்றரைத்தான் காட்டும். அந்த ஒடுங்கிய பார்வையோடு வட்டையைச் சுற்றிப் பார்க்கக் கை உளையும், இடையில் ஒரு யானை தவறியும் போகும். நமது தேவைக்கு 10 முதல் 15 மி.மீ. போதும். '8 மடங்கு ஸூம்' என்பது அதே புள்ளிகளைப் பெரிதாக்குவது மட்டும்தான், புதிதாக ஒன்றும் தெரியாது.

உன்னிச்சை: ஐயா, மாரியில இது வேலை செய்யுமா? குளத்துக்குள்ளால வாற யானை தெரியிறதில்ல எண்டு சொல்லுறாங்க.

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. குளிர்நாட்டுக் காட்டில் மிருகத்துக்கும் சுற்றாடலுக்கும் இருபது முப்பது பாகை வித்தியாசம் இருக்கும், மலிவுக் கருவியிலும் பளிச்சென்று தெரியும். நமது இரவுகள் சூடு. யானையின் தோலோ சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். குளத்தில் இறங்கிச் சேறு பூசி வந்தால் ஈரம் ஆவியாகித் தோல் இன்னும் குளிரும். அதே நேரம் வயலில் கட்டிய தண்ணீர் பகற்சூட்டை வைத்திருப்பதால் வெளிச்சமாகத் தெரியும். அப்போது யானை வெளிச்சத்தின் மேல் மங்கலான நிழலாகக்கூட வரலாம்.

ஆகவே விபரத்தாளில் 'என்.இ.டி.டி.' எண்ணைப் பாருங்கள். கருவி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வெப்ப வித்தியாசம் அது. எண் சிறிதாக இருப்பது நல்லது. 25 மில்லிகெல்வின் (ஒரு மில்லிகெல்வின் என்பது ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறப்பு, 35 பரவாயில்லை, 50க்கு மேல் என்றால் மாரியில் ஸ்கிரீன் சாம்பல் பூசியதுபோல் கிடக்கும். லென்ஸின் எஃப் எண்ணையும் (லென்ஸ் எவ்வளவு அகலத் திறந்தது என்பதைச் சொல்வது, சிறிதாக இருந்தால் நல்லது) சேர்த்துப் பாருங்கள். 1.0 லென்ஸுக்கு 1.2 ஐ விட அதிக வெப்பம் உள்ளே வரும்.

கடும் மழையிலும் மூடுபனியிலும் எந்தக் கருவிக்கும் தூரம் வெகுவாகக் குறையும். பொழுது படும்போதும் விடியும்போதும் நிலமும் மிருகமும் ஒரே சூட்டுக்கு வரும் சிறு நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கமராவை மட்டும் நம்பிப் பரணை விட்டு இறங்க வேண்டாம்.

வாகரை: அண்ணன், சேனையில சோளமும் கச்சானும் போட்டிருக்கம். பத்தைக்குள்ள நிக்கிற யானை தெரியுமா?

தெரியாது தங்கச்சி. இலை மறைத்தால் வெப்பமும் மறைந்துவிடும். இலை இடைவெளியால் சிறு துண்டுகள் தெரியலாம், அவ்வளவுதான். கண்ணாடி யன்னலுக்குள்ளாலும் பார்க்க முடியாது. பாறையும் புற்றும் பகற்சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். மாலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்து அவை எங்கே தெரிகின்றன என்று மனதில் வைத்துக்கொண்டால் இரவில் வீணாக யானை வெடி கொளுத்த வேண்டி வராது.

கிரான்: ஃபோன்ல கொழுவுற சின்ன வெப்பக் கமரா மலிவு. அது காணாதா?

காணாது. அவற்றில் பெரும்பாலானவை வயரிங், மோட்டார் பார்ப்பதற்குச் செய்தவை. லென்ஸ் 3, 4 மி.மீ.தான். 4 மி.மீ. லென்ஸில் 100 மீற்றரில் ஒரு புள்ளி 30 சென்ரிமீற்றரை மூடும், யானை எட்டுப் புள்ளி. போதாததற்கு ஃபோன் வெளிச்சம் முகத்தில் அடித்துக் கண்ணைக் கூசவைக்கும்.

திருக்கோவில்: வேற என்ன பார்க்கணும்?

படம் செக்கனுக்கு 25 தரம் மாறுவதாக இருக்கட்டும். 9 தரம் என்றால் கையைத் திருப்பும்போது படம் இழுபடும். பட்டரி கழற்றி மாற்றும் 18650 வகை (உருளை வடிவ லித்தியம் பட்டரி) நல்லது. உள்ளே பூட்டியது என்றால் பவர் பாங்க் கொழுவியபடி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர்த் தடுப்பு ஐ.பி.67 தரத்தில் (தூசியும் தண்ணீரும் புகாதது) இருக்கட்டும். இடையிடையே 'டிக்' என்று படம் ஒரு கணம் உறைவது பழுதல்ல, கருவி தன்னைச் சரிசெய்வது. லென்ஸ் ஜெர்மேனியம். உடுத்த சாரத்தால் துடைத்தால் மேற்பூச்சு கீறும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் துணியால் துடையுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்காதீர்கள், சென்சரில் மாறாத வடு விழும்.

பொத்துவில்: மான் வேட்டைக்கும் இதே அளவு போதுமா?

அதற்கு அளவு சொல்ல மாட்டேன். 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். துவக்கில் பூட்டும் வகையை இறக்குமதி செய்யவும் வேண்டாம். கையில் பிடிக்கும் வகையாக இருந்தாலும் காசு கட்டுமுன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திலும் சுங்கத்திலும் மாதிரிப் பெயரைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உன்னிச்சை: ஐயா, பாவிச்சது ஒண்டு வருது. எப்படிச் சோதிக்கிற?

மூடியைப் போட்டுப் பாருங்கள், ஸ்கிரீன் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ வளைந்த கோடோ நின்றால் சூரியன் பட்ட சென்சர், விட்டுவிடுங்கள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் ஐந்து செக்கன் வைத்து எடுங்கள். கைத்தடம் ஸ்கிரீனில் தெளிவாகத் தெரிந்து ஆறுதலாக மறைய வேண்டும். விரல்கள் பிரிந்து தெரியாமல் கலங்கினாலோ, உடனே அழிந்துபோனாலோ, மாரியில் அந்தக் கருவி உதவாது.