கால் முறிவும் பிசியோவும்: வாசகர் கேள்விகள்

மோட்டார்சைக்கிளில் விழுந்து கால் முறிந்தது. எப்ப நடக்கலாம்? (கோப்பாய்)

எந்த எலும்பு, எந்த இடம், உள்ளே கம்பியா பிளேற்றா, எத்தனையாம் கிழமை, ஒன்றும் எழுதவில்லை. நான் சாத்திரம் பார்ப்பதில்லை. எலும்பின் நடுத்தண்டில் கம்பி போட்ட சிலரைச் சில நாளிலேயே ஊன்றச் சொல்வார்கள். முழங்கால் மூட்டுக்குள் முறிவு போனவர் 2, 3 மாதம் பொறுக்க வேண்டி வரும். கிளினிக் கொப்பியைப் பாருங்கோ.

ஒற்றைக் கைத்தடி எந்தப் பக்கம்? (சுன்னாகம்)

நல்ல காலின் பக்கம். படி ஏற நல்ல கால் முதல், இறங்க நொந்த கால் முதல்.

மகனுக்குக் கணுக்காலுக்கு மேலே பிளேற் வைத்து 6 கிழமை. மூட்டுகளை அசைக்கச் சொல்லித்தான் விட்டவை. நாங்கள் பயத்தில் அசைய விடாமல், முழங்காலுக்குக் கீழ் தலையணை வைத்துப் பார்க்கிறோம். இப்ப பாதம் மேலே மடங்குதில்லை. ஏன்? (சாவகச்சேரி)

இந்தக் கடிதம் வராத மாதமில்லை, ஊர்ப்பெயர்தான் மாறும். பிளேற் வைப்பதே மூட்டை நேரத்தோடு அசைக்கத்தான். சோறு தீத்துவதும் கட்டிலில், முகம் கழுவுவதும் கட்டிலில் என்றால் எலும்பு ஒட்டும், கால் உதவாது. பாதம் கீழே விழுந்தபடி கிடந்தால் கெண்டைத்தசையும் குதிநாணும் கட்டையாகும். தலையணையால் முழங்காலும் மடிந்தபடி இறுகும். உயர்த்துவதென்றால் முழங்கால் நிமிர்ந்திருக்க, கெண்டைக்குக் கீழ் வையுங்கோ.

முழங்காலை நீட்டி, துவாயைப் பாதத்தின் முன்பக்கம் போட்டுத் தன்பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடிக்கட்டும். 4, 5 தரம். நாளுக்கு மூன்று வேளை. இழுவை தெரியலாம், வெட்டுகிற நோ கூடாது. இழுப்பது மகன். மச்சான்மார் ஏறி அமத்துவதில்லை! சரிவர 2, 3 மாதம் செல்லும். இழுத்தால் மடங்குகிற பாதத்தைத் தானாகத் தூக்க ஏலாவிட்டால் அது நரம்பாக இருக்கலாம்; உடனே காட்டுங்கோ. காலை ஊன்றுவது வேறு கதை: அதற்குக் கொப்பிதான்.

எண்ணெய் போட்டு உருவலாமா? கெண்டை வீங்கிச் சுடுகுது. (பருத்தித்துறை)

உருவ வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, நோ என்றால் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

5 மாதமாகியும் எலும்பு சரியாக ஒட்டவில்லையாம். எந்தக் கால்சியம் குளிசை நல்லது? (வேலணை)

சிகரெட் பற்றி வாயே திறக்கவில்லை. குடிப்பவரென்றால் முதலில் அதை விடுங்கோ. குளிசையை டொக்டர் சொல்லட்டும்.

கால் முறிந்து 4 மாதம். நல்லூரில் பிரதட்டை (வீதியில் உருளுகிற) நேர்த்தி இருக்கு. செய்யலாமா? (திருநெல்வேலி)

எக்ஸ்றே பார்த்தவர் ஓம் என்றாரா? இல்லையென்றால் கந்தன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். இம்முறை சனம் குறைந்த நேரம் பார்த்து, கைத்தடியோடு போய்க் கும்பிட்டுவிட்டு வாங்கோ.