மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றியுள்ள பூங்காவில் கார்களை நிறுத்துகிறார்களே, புல்லும் மரமும் எப்படித் தாங்குகின்றன? இவ்வளவு பெரிய மைதானத்தையும் பூங்காவையும் எப்படிப் பராமரிக்கிறார்கள், புதுப்பிக்கும்போது எங்கே தவறு நேர்கிறது?

பூங்காவும் மைதானமும் இப்போது ஒரே நிர்வாகத்தில் இருக்கின்றன. பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மைதானத்துக்கு 1861 முதலே ஓர் அறக்கட்டளை உண்டு. ஆனால் வெளியே இருக்கும் யாரா பூங்காவை நெடுங்காலம் மாநகராட்சிதான் பார்த்து வந்தது. 2009-ல் விக்டோரியா மாநிலம் போட்ட சட்டத்தால் பூங்காவும் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. இரண்டின் அன்றாட வேலையையும் மெல்பர்ன் கிரிக்கெட் கிளப் செய்கிறது. கார் நிறுத்தக் காசு வாங்குவது ஒரு கை, நசுங்கிய மண்ணைச் சரிசெய்வது இன்னொரு கை என்று இருந்தால் எந்தப் பூங்காவும் தேறாது. அங்கே நடந்த மேம்பாடுகளில் பார்வையாளர் ஸ்டாண்டு கட்டியதைவிட இந்த நிர்வாக மாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கார் நிறுத்துவதால் புல் சாவதில்லை, மண் சாகிறது. புல் மிதிபட்டால் இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும். மண்ணில் காற்றும் தண்ணீரும் போகும் துளைகள் நசுங்கினால் தானாகத் திரும்ப வராது. அதிலும் ஈர மண்ணில் முதல் இரண்டு மூன்று சக்கரங்களே சேதத்தின் பெரும்பகுதியைச் செய்துவிடும். அடுத்து வரும் நூறு கார்கள் சேர்க்கும் சேதம் ஒப்பீட்டில் குறைவு. ஆகவே "இன்று கொஞ்சம் கார்களை மட்டும் விடுவோம்" என்ற சமரசத்துக்குப் பொருளே இல்லை. மண் ஈரமாக இருந்தால் அந்தப் பகுதியை முழுவதும் மூட வேண்டும், காய்ந்திருந்தால் திறக்கலாம். நல்ல மழைக்குப் பிறகு யாரா பூங்காவில் கார் நிறுத்தம் இல்லை என்று அறிவிப்பது இதனால்தான்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். 15 செ.மீ. நீள ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் மண் ஈரம், காரை விடக்கூடாது. ஓரளவு பலம் கொடுத்தால் இறங்குகிறது என்றால் சரி. காய்ந்த நாளிலும் உடம்பின் எடை முழுவதையும் போட்டுத்தான் இறக்க முடிகிறது என்றால், அங்கே ஏற்கெனவே இறுகிப்போயிருக்கிறது. அந்தப் பருவத்துக்கு அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்து, உள்ளீடற்ற குழல் ஊசி இயந்திரத்தால் துளையிட்டு, மண்ணை எடுத்துவிட்டு மணல் நிரப்ப வேண்டும். துளையிடுவதை எப்போதும் ஒரே ஆழத்தில் செய்துகொண்டிருந்தால் அந்த ஆழத்திலேயே புதிதாக ஒரு கெட்டித் தட்டு உருவாகும். 8 செ.மீ., 20 செ.மீ. என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

மரங்களின் கணக்கு வேறு. யாரா பூங்காவில் ரிவர் ரெட் கம் எனும் பழைய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன (தமிழ்நாட்டில் தைலமரம் என்று காடுகாடாக நட்டவற்றில் இந்த இனமும் உண்டு). வெள்ளையர் வருமுன் அந்த மண்ணின் மக்கள் பட்டை உரித்த தழும்போடு நிற்கும் மரங்களும் அங்கே உண்டு. உரித்த இடத்தைச் சுற்றி விளிம்பு தடித்து, நடுவில் வெறும் கட்டை தெரியும். ஸ்டாண்டை இடித்துக் கட்டலாம். இந்த மரத்தை எந்தப் பட்ஜெட்டிலும் வாங்க முடியாது. ஆகவே எந்த வேலைத் திட்டமும் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டுமான வேலையின்போது மரங்களைக் காக்கும் ஆஸ்திரேலியத் தர விதி எளிமையானது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் வருவது பாதுகாப்பு வட்டத்தின் ஆரம். தண்டு 1 மீட்டர் என்றால் ஆரம் 12 மீட்டர், பரப்பு சுமார் 450 சதுர மீட்டர். ஆரத்துக்கு உச்சவரம்பு 15 மீட்டர். இந்தப் பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் கை வைத்தால் மரம் பிழைக்கும் என்று மர நிபுணர் காட்டியாக வேண்டும், அதற்கு வேர்களைத் திறந்து பார்க்கவும் நேரலாம். பத்து சதவீதம் என்பது 45 சதுர மீட்டர், அதாவது மூன்றரைக் கார் நிற்கும் இடம். ஒரு பெரிய மரத்தடியில் நான்கு கார் நிறுத்தினாலே எல்லை தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு ரெட் கம் மரம் கோடையில் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையைத் திடீரென முறித்துப் போடும். மரத்துக்கும் ஆளுக்கும் காருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புதான்: கிளை விரிவு வரை தழைமூடாக்கு 7 முதல் 10 செ.மீ. கனத்தில் போட்டு, சுற்றிலும் குட்டைக் கட்டைகள் நட்டுவிடுவது. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது; தொட்டால் அடிப்பட்டை ஈரமாகி அழுகும்.

அடுத்தது தண்ணீர். 2000-களின் நீண்ட வறட்சியில் மெல்பர்னில் குடிநீரைப் புல்லுக்கு ஊற்றத் தடை வந்தது. பூங்கா காய்ந்து புழுதியானது, மழை பெய்தால் சேறானது. அதற்குத் தீர்வாக யாரா பூங்காவின் அடியிலேயே ஒரு கழிவுநீர் மறுசுழற்சி நிலையம் கட்டினார்கள். பக்கத்துச் சாக்கடைக் குழாயிலிருந்து கழிவுநீரை உறிஞ்சி, சல்லடை, நுண்ணுயிர்த் தொட்டி, நுண்சவ்வு, புற ஊதா ஒளி, குளோரின் என்று வரிசையாகக் கடத்தி, ஆண்டுக்கு 18 கோடி லிட்டர் வரை சுத்தமான நீர் எடுக்கும் திறன் அதற்கு உண்டு. பூங்காப் பாசனத்துக்கும் மைதானத்தின் கழிப்பறைகளுக்கும் அது போகிறது. தங்கும் கசடு திரும்பச் சாக்கடைக்கே போய்விடுவதால் லாரி வேண்டியதில்லை, நாற்றமும் இல்லை.

இப்படி ஒன்றை உங்கள் ஊரில் திட்டமிடுகிறவர்கள் உப்பை மறந்துவிடக்கூடாது. சவ்வு கிருமியைத் தடுக்கும். கரைந்த உப்பை விட்டுவிடும். களிமண்ணில் சோடியம் சேர்ந்தால் துகள்கள் பிரிந்து மேல்தோல் பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். நீர் இறங்காமல் ஓடும். கடைக்காரர் உடனே உரம் விற்பார். தேவை உரமல்ல, கால்சியம் உள்ள ஜிப்சம். கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், பிறகு மழையோ கூடுதல் பாசனமோ அதைக் கீழே கழுவ வேண்டும். ஆண்டுக்கு இருமுறை மண் பரிசோதனை செய்யாமல் மறுசுழற்சி நீர் பாய்ச்சினால், சில ஆண்டுகள் கழித்து எல்ம் மர இலைகளின் ஓரம் கருகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

உள்ளே வருவோம். மைதானத்தின் புல் மணல் மேல் நிற்கிறது. கீழே வடிகுழாய், அதன்மேல் சரளை, அதன்மேல் 30 செ.மீ. அளவுக்கு மணல் என்பதுதான் இத்தகைய தரைகளின் பொது அமைப்பு. அடைமழையிலும் ஆட்டம் நிற்காது. விலை என்னவென்றால், மணல் சத்தைப் பிடித்துவைக்காது. சிறுசிறு அளவில் அடிக்கடி ஊட்ட வேண்டும். கோடையில் வெயிலில் செழிக்கும் வெப்பப் புல், அது உறங்கும் குளிர்காலத்துக்குக் குளிர் தாங்கும் ரை புல் விதை தூவுவது தெற்கு ஆஸ்திரேலியாவின் வழக்கம். அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. 2006 காமன்வெல்த் போட்டிக்காக இடித்துக் கட்டிய வடக்கு ஸ்டாண்டின் நிழல் ஜூன், ஜூலையில் வடக்கு ஓரத்துப் புல்மேல் நாள் முழுக்கக் கிடக்கும். ஆஸ்திரேலிய கால்பந்து உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவைதான். சக்கரம் வைத்த விளக்குச் சட்டங்களை இரவு பகலாக அங்கே நிறுத்தி ஒளி ஊட்டுகிறார்கள். கூரையைப் பத்து மீட்டர் நீட்டினால் ரசிகருக்கு நிழல் கிடைக்கும். அதே பத்து மீட்டருக்குப் புல் பராமரிப்புச் செலவு நிரந்தரமாக ஏறும் என்பதையும் வரைபடம் போடும்போதே எழுதிவைக்க வேண்டும்.

கால்பந்து தரைக்கு நடுவே களிமண் பிட்ச் இருப்பது ஒத்துவராது. அதனால் பிட்சை வெளியே தட்டுகளில் வளர்த்து, அக்டோபர் வாக்கில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 டன்னை ஒட்டிய எடை. நிரந்தர பிட்சில் அடிக்களிமண் வாரக்கணக்கில் காய்ந்து வெடிப்பு விரியும், பந்து திரும்பும். தட்டில் வளர்ந்த பிட்சில் களிமண் ஆழமில்லை, வேர் அதை ஒரே பலகையாகக் கட்டிவிடுகிறது. ஆகவே வெடிப்பை நம்ப முடியாது. பராமரிப்பாளர் கையில் இருப்பது ஈரமும் புல்லின் உயரமும்தான்.

அந்த உயரம் எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். இங்கே இங்கிலாந்து ஆடிய 2017 ஆஷஸ் டெஸ்டில் ஐந்து நாளில் 24 விக்கெட் மட்டுமே விழுந்து ஆட்டம் டிரா ஆனது. ஐசிசி அந்த பிட்சை "மோசம்" என்று மதிப்பிட்டது. அதன்பிறகு புல்லைக் கூடுதலாக விடத் தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் இந்தியா ஆடிய டெஸ்டுக்கு 7 மி.மீ. விட்டார்கள், ஆட்டம் ஐந்தாம் நாள் கடைசிப் பகுதியில் முடிந்தது, ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்தார்கள். 2025-ல் அதே டெஸ்டுக்கு 10 மி.மீ. முதல் நாளிலேயே 20 விக்கெட், இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. மூன்று மில்லிமீட்டர், இரண்டு காசுகளை அடுக்கிய கனம்தான். ஆட்ட நாட்களுக்கு வெயில் கொளுத்தும் என்று கணிக்கும்போது புல்லைக் கூடுதலாக விடுவதும், குளிர்ந்து மேகம் மூடினால் அந்தக் கூடுதல் புல் பந்துவீச்சாளருக்குப் போய்ச் சேருவதும் எங்கும் நடப்பவை. இதற்காகப் பராமரிப்பாளரைத் திட்டுவது நியாயமே இல்லை. தட்டு பிட்சில் பிழை செய்ய இடம் அவ்வளவு குறைவு.

கச்சேரிக்குத் தரையை மூடுவதில் ஒரே விதி: எவ்வளவு குறைந்த நேரம் முடியுமோ அவ்வளவுதான். வெயில் நாளில் மூடிக்கடியில் சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். மேடை நின்ற இடத்தில் புல்லைக் காப்பாற்ற முயலாமல் புதுப் புல்தரையை விரித்துவிடுவதே மலிவு.

கூட்டத்தைப் பற்றி. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர், எட்டு நிமிடத்தில் காலி என்பது பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டியின் அளவு. உலகெங்கும் இதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு லட்சம் பேருக்குச் சமதரையில் மொத்தம் 152 மீட்டர், படிக்கட்டானால் 189 மீட்டர் வழியகலம் வேண்டும். மைதானத்துக்குள் இதைக் கட்டிவிடலாம். வாசலுக்கு வெளியே ரிச்மண்ட், ஜோலிமான்ட் ரயில் நிலையங்கள் அந்த வேகத்தில் ஆட்களை எடுக்காது. ரயிலுக்கு ஆயிரம் பேர் என்றால் 40,000 பேருக்கு 40 ரயில். நடுவில் அந்தக் கூட்டம் நிற்கும் இடம் பூங்காதான். எனவே பூங்காப் பாதையைக் குறுக்கும் எந்தக் கடையையும் வேலியையும் சிலையையும், வெளியேறும் கூட்டத்தின் கணக்கில் வைத்துப் பார்க்காமல் அனுமதிக்கக்கூடாது. பையைச் சோதிக்கும் வரிசையை மரத்தடி நிழலில் போடுவதும் தவறு. வசதியாகத்தான் தோன்றும், ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் அந்த வேர் மண் இறுகும்.

இனி, புதுப்பிக்கும் வேலை. அதற்கு எடுத்துக்காட்டு தெற்கு ஸ்டாண்டு. 1992-ல் திறந்தது, 2022 முதல் சுழற்பந்து வீரர் ஷேன் வார்ன் பெயரில் இருக்கிறது. மைதானத்தின் பெரிய ஸ்டாண்டுகளில் பழையது இதுதான். தெற்கில் இருப்பதால் உயர்த்தினாலும் குளிர்காலத்தில் புல்மேல் நிழல் விழாது, அது நல்லது. சிக்கல் பின்னால்: பிரண்டன் சாலை, அதையொட்டி ரயில் பாதை. கிரேன் நிறுத்த, கம்பி அடுக்க, கான்கிரீட் லாரி திரும்ப அந்தப் பக்கம் இடமே இல்லை. போட்டி அட்டவணையும் விடாது: மார்ச் முதல் செப்டம்பர் கடைசி வரை கால்பந்து, பிறகு கிரிக்கெட், பிப்ரவரியில் கச்சேரி. எந்த ஒப்பந்தக்காரரும் முதலில் கேட்கப்போவது பூங்காவின் ஒரு மூலையைத்தான். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: மர வட்டங்களுக்கு இரும்பு வேலி முதல் நாளிலேயே, மண்ணைச் சுரண்டுவதற்கு முன்பே நிற்க வேண்டும். லாரிப் பாதையில் துணிவிரிப்பின் மேல் சரளையோ எஃகுத் தகடோ போட்டாக வேண்டும். கான்கிரீட் கலவை கழுவும் நீர் மண்ணில் விழக்கூடாது, ஏனென்றால் அதன் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றி வேரைக் கருக்கும். குழாய் தோண்ட வேண்டிய இடத்தில் பொக்லைன் வேண்டாம். காற்றழுத்தக் குழலால் மண்ணை ஊதி வேரைத் தெரியவைத்து, அதன் அடியில் குழாயை நுழைக்க வேண்டும். பிணைத்தொகையை வேலை முடிந்த அன்று திருப்பித் தராமல் மூன்று ஆண்டு வைத்திருங்கள். வேர் அறுபட்ட பெரிய மரம் உடனே காட்டிக்கொள்ளாது, உச்சிக்கிளை காய்வது இரண்டாவது மூன்றாவது கோடையில்தான்.