தம்பி கடை பெரிதாகிவிட்டால் என் இடம் எது?

மதிப்பிற்குரிய அம்மா,

திருநெல்வேலி டவுனில் அப்பா காலத்துப் பாத்திரக்கடையை நடத்துகிறேன். வயது 56. என்னிடம் தொழில் பழகிய தம்பி வண்ணார்பேட்டையில் சொந்தக் கடை போட்டான். கல்யாணச் சீர் வாங்குகிறவர்கள் இப்போது அங்கேதான் போகிறார்கள். எனக்கு இரவில் தூக்கம் இல்லை. அவன் வண்டியைத் தெருவில் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. இத்தனைக்கும் மொத்தச் சரக்கை இருவரும் சேர்ந்துதான் எடுக்கிறோம். டிவியில் அமெரிக்கா, சீனா பற்றிப் பேசுகிறவர்கள், வளர்கிறவனை முளையிலேயே தடுக்க வேண்டும் என்கிறார்கள். அவனுக்குக் கடனில் சரக்குக் கொடுக்காதீர்கள் என்று மொத்த வியாபாரியிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. என் நினைப்பு எனக்கே பயமாக இருக்கிறது.

— ஓர் அண்ணன், திருநெல்வேலி டவுன்

அண்ணாச்சி,

மொத்த வியாபாரியிடம் அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள். 2022 அக்டோபரில் அமெரிக்கா, உயர்தரக் கணினிச் சிப்புகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குப் போவதைக் கட்டுப்படுத்தியது. மறு ஆண்டே சீனா, சிப் தயாரிப்புக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. சொந்தமாகச் சிப் செய்யும் வேலையையும் முடுக்கிவிட்டது. உங்கள் தம்பியும் வேறு வியாபாரியைத் தேடிக்கொள்வார். சேர்ந்து எடுப்பதால் கிடைக்கும் குறைந்த விலைதான் உங்கள் கையைவிட்டுப் போகும்.

மூத்தவனும் வளர்கிறவனும் மோதியே தீர வேண்டும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 1895இல் வெனிசுவேலா எல்லைத் தகராறில் பிரிட்டனும் அமெரிக்காவும் போர் மூளுமோ என்ற நிலைக்கு வந்தன. பிரிட்டன் நடுவர் தீர்ப்புக்கு இணங்கியது. 1901இல் மத்திய அமெரிக்கக் கால்வாயை அமெரிக்கா தனியாகக் கட்டிக்கொள்ளவும் சம்மதித்தது. அதே பிரிட்டனும் ஜெர்மனியும் போர்க்கப்பல் கட்டுவதில் போட்டியிட்டன. இருவருக்கும் இடையே பெரிய வியாபாரம் நடந்தும் 1914இல் போர் வந்தது. ஆகவே சேர்ந்து சரக்கு எடுப்பது மட்டுமே உங்கள் உறவைக் காப்பாற்றிவிடாது. எதில் போட்டி, எதில் கூட்டு என்று வாய்விட்டுப் பேசியாக வேண்டும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பகை தீராமலேயே பெரியம்மையை ஒழிக்கக் கைகோத்தன; 1980இல் அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி இது.

உங்கள் கடிதத்தில் நஷ்டம் என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? 'என்னிடம் தொழில் பழகிய' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை வாட்டுவது மூத்தவர் என்ற மரியாதை போய்விடுமோ என்ற பயம். அது வெட்கப்பட வேண்டியதல்ல. தம்பியைத் தனியாகச் சந்தித்து அதைச் சொல்லுங்கள். குடும்பத்துப் பெரியவர்களை நடுவராக்க வேண்டாம்; கடையில் வைத்தும் பேச வேண்டாம். கல்யாணச் சீரை அவர் பார்க்கட்டும், குத்துவிளக்கு விற்பதும் பழைய பித்தளையை மாற்றிக் கொடுப்பதும் டவுன் கடையில் இருக்கட்டும் என்பது போல ஏதாவது ஓர் ஏற்பாட்டை நீங்களே முன்வைக்கலாம்.

அதற்கு முன், அந்தப் படபடப்புக்காக ஒரு மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதில் கோளாறு இல்லை, தூக்கமும் திரும்பவில்லை என்றால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள்.