கண்டக்டர் இல்லாத சேம்பர் ஆர்கெஸ்ட்ராவும் (சிறு இசைக்குழு) தனி வயலின் கலைஞரும் ஒரு கான்செர்ட்டோவை எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள்?

மொஸார்ட் காலத்தில் கண்டக்டர் இல்லாமல் வாசிப்பதுதான் இயல்பு. கையில் கோலோடு எதிரே நின்று இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கமானார். அதுவரை முதல் வயலின்காரரோ ஹார்ப்சிகார்ட் (பியானோ போன்ற பழைய கருவி) வாசிப்பவரோ எல்லோரையும் அழைத்துப் போனார். 1972இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா இன்றும் கண்டக்டர் வைத்துக்கொள்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த 5ஆம் வயலின் கான்செர்ட்டோவை (ஏ மேஜர் ஸ்கேல், மொஸார்ட் படைப்புப் பட்டியலில் கே. 219) வைத்தே சொல்கிறேன். மொஸார்ட் 1775 டிசம்பரில், 19 வயதில், சால்ஸ்பர்கில் எழுதி முடித்தது. வயலின் குடும்பம், ஊது கருவிகளில் 2 ஓபோ, 2 ஹார்ன், இவ்வளவுதான் ஆர்கெஸ்ட்ரா. ஒருவர் மூச்சை இழுப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். கண்டக்டர் தேவைப்படாததற்கு முதல் காரணம் அதுதான்.

சிக்கல் வேகம் மாறும் இடங்களில். ஆர்கெஸ்ட்ரா துள்ளலாகத் தொடங்கி, தன் முன்னுரையை முடித்து நிற்கிறது. தனி வயலின் அதே வேகத்தில் நுழையும் என்று காத்திருப்போம். மொஸார்ட் அங்கே வேகத்தைத் தணித்துவிடுகிறார். மற்ற வயலின்கள் மெல்ல முணுமுணுக்க, தனி வயலின் 6 பார் (தாள அளவு) மட்டும் அடாஜியோவில், அதாவது மெதுவான நடையில், நீண்டு பாடுகிறது. உடனே மறுபடி பழைய வேகம். இப்போது ஆர்கெஸ்ட்ரா ஆரம்பத்தில் வாசித்த அதே மெட்டை வாசிக்கிறது. அதன் மேல் தனி வயலின் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது. முதலில் கேட்டதெல்லாம் இதற்கான துணை வாசிப்புதானா என்று அப்போதுதான் தெரிகிறது! எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

இந்த வேக மாற்றங்களைக் காட்டுவது தனிக் கலைஞரின் வில். அது எவ்வளவு வேகமாக மேலே எழுகிறதோ அதுதான் அடுத்த பாரின் வேகம். பின்னால் இருப்பவர்களுக்கு கான்செர்ட் மாஸ்டரின் (முன்னின்று வாசிக்கும் முதல் வயலின்காரர்) தோள் அசைவு போதும். ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும் ‘கடென்ஸா’ என்ற இடத்தில் தனிக் கலைஞர் ஒருவரே வாசிப்பார். மொஸார்ட் இதற்கு எழுதிய கடென்ஸா ஏதும் கிடைக்காததால், பலரும் 19ஆம் நூற்றாண்டு வயலின் கலைஞர் யோஸெஃப் யோவாகிம் எழுதியதை எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு நீண்ட ட்ரில்லில் (பக்கத்துப் பக்கத்து இரு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) வந்து நிற்கும். அந்த ட்ரில் முடியும் விதத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சேர்கிறார்கள்.

கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி நிதானமான மினுவெட் நடன நடை. நடுவே ஏ மைனரில் ‘துருக்கிய’ இசை பாய்ந்து வரும். செல்லோ, டபுள் பேஸ் கலைஞர்கள் வில்லைத் திருப்பி, மரப்பக்கத்தால் தந்திகளைத் தட்டுவார்கள். துருக்கிய சுல்தானின் ஜானிஸரி படைகளின் மேளச் சத்தத்தை நினைவூட்டும் உத்தி. அந்தத் தட்டலே எல்லோருக்கும் தாளத்தைப் பிடித்துக்கொடுக்கிறது. நல்ல வில் கெட்டுவிடக் கூடாதென்று, இதற்கென்றே விலை குறைந்த இன்னொரு வில்லைக் கொண்டுவருபவர்களும் உண்டு.

பிராம்ஸின் கான்செர்ட்டோ போன்ற பெரிய படைப்புக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன், அங்கே கண்டக்டர் வேண்டும். மொஸார்ட்டுக்கு மட்டும், வாய்ப்பிருந்தால் கண்டக்டர் இல்லாத கச்சேரியையே தேர்ந்தெடுங்கள். தனிக் கலைஞரின் வில்லும் முதல் வயலின்காரர்களின் முகமும் சேர்ந்து தெரியும் இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.