ஃபைனல் டிரைவ் கொதிக்கிறது: புதிய யூனிட் வாங்கலாமா?

கேள்வி: எங்களிடம் 3 தொன் மினி எக்ஸ்கவேட்டர் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மெஷின், போன மாதம்தான் ஒரு யார்டில் வாங்கினோம். மத்தியானம் ஆவதற்குள் இடப்பக்க ஃபைனல் டிரைவ் (செயினை ஓட்டும் மோட்டாரும் கியர் பெட்டியும் சேர்ந்த யூனிட்) கை வைக்க முடியாத சூடாகிவிடுகிறது. வலப்பக்கம் அப்படி இல்லை. யூனிட்டையே மாற்றச் சொல்கிறார் கராஜ்காரர். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த யூனிட்டும் இருக்கிறது, சீனாவில் செய்த புதியதும் இருக்கிறது. எதை வாங்குவது? யார்டுக்காரரிடம் கேட்க முடியாதா? (வாசகர், வத்தளை)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். சூட்டுக்குக் காரணம் தெரியாமல் யூனிட்டை மாற்றினால், அதே காரணம் புதியதையும் தின்றுவிடும். காசு இரண்டு தடவை போகும்.

ஒரு பக்கம் மட்டும் சூடாவதுதான் இங்கே முக்கியம். இரண்டும் சேர்ந்து சூடானால் ஹைட்ரோலிக் கூலர் தூசியால் அடைத்திருப்பதையோ, லோ பெட் லொறியில் ஏற்றாமல் நெடுந்தூரம் ஓட்டிப்போவதையோ சந்தேகிக்கலாம். உங்கள் கோளாறு இடப்பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கையை நம்பாமல், தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பாருங்கள். 60 பாகை செல்சியஸ் தாண்டினாலே கையை வைத்திருக்க முடியாது, ஆனால் அது மட்டுமே கோளாறுக்கு அடையாளம் அல்ல. இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

அப்புறம், மெஷினைச் சமதரையில் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, கியர் ஒயிலைப் பாருங்கள். பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள், உள்ளே அழுத்தம் இருந்தால் ஒயில் பீய்ச்சி அடிக்கும். ஒயில் குறைந்திருந்தால் வெளிப்பக்க சீல் கசிகிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது; வத்தளைப் பக்கத்துச் சதுப்பிலும் கால்வாயிலும் இறங்கி வேலை செய்யும் மெஷின்களில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளக்கில் மெல்லிய சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கம். செதில் செதிலாக இரும்பு வந்தால் பெயரிங்கோ கியரோ உடைகிறது, அன்றோடு வேலையை நிறுத்துங்கள்.

ஒயில் அளவுக்கு மேல் ஏறி, நீர்த்துப்போயிருந்தால்தான் கவனம் அதிகம் தேவை. ஹைட்ரோலிக் ஒயில் மோட்டாரின் தண்டு சீலைத் தாண்டி கியர் பெட்டிக்குள் வருகிறது என்று அர்த்தம். கியர் ஒயில் மெலிந்தால் பற்கள் உரசும், அளவு கூடினால் கடையும்போதே சூடு ஏறும். ஆனால் சீல் ஏன் போனது? மோட்டாருக்குள் கசியும் ஒயிலை ஹைட்ரோலிக் ஒயில் தாங்கிக்குத் திருப்பி அனுப்ப மெல்லிய ஹோஸ் ஒன்று இருக்கிறது, கேஸ் டிரெயின் என்பார்கள். அது அடைத்தால் மோட்டாரின் உள்ளே அழுத்தம் கூடி சீலைப் பிதுக்கிவிடும். சில மெஷின்களில் அந்த வழியில் சின்ன ஃபில்டரும் உண்டு, பலர் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. இந்த ஒன்றைப் பார்க்காமல் யூனிட் மாற்றச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

மற்றவை சுலபம். செயின் இறுக்கத்தையும், ஸ்புரொக்கெட்டில் (செயினை இழுக்கும் பற்சக்கரத்தில்) களிமண் அடைத்திருப்பதையும் பாருங்கள். செயினைத் தளர்த்தும்போது கிரீஸ் வால்வை முழுதாகக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் அது தெறித்தால் உயிருக்கே ஆபத்து. மோட்டாரில் பிரேக் இருந்தால், அது முழுதாக விடுகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அரைகுறையாகப் பிடித்தபடி ஓடும் பிரேக் ஒரு பக்கத்தை மட்டும் காய்ச்சும்.

இவ்வளவும் பார்த்து, கியரே போயிருந்தால் வாங்கலாம். என் விருப்பம், எழுத்தில் வாரண்டி தரும் புதிய யூனிட். பாவித்ததை எடுப்பதானால் கவரைத் திறந்து பற்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். மாடலையும் மோட்டார் தட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிடாமல் காசு கொடுக்காதீர்கள். ஹைட்ரோலிக் ஒயிலைச் சுத்தம் செய்யாவிட்டால், கேஸ் டிரெயின் ஃபில்டரை மாற்றாவிட்டால் வாரண்டி இல்லை என்று நிபந்தனை போடும் விற்பனையாளர்கள் உண்டு. அதனால் மாற்றிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எந்த கியர் ஒயில் என்பதைத் தயாரிப்பாளரின் புத்தகத்தில் பாருங்கள். சிலதுக்கு 80டபிள்யூ-90, சிலதுக்கு எஸ்ஏஇ 30.

சரி, யார்டுக்காரர். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் விற்கத்தக்க தரத்தில் தர வேண்டும். ஆனால் நீங்கள் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இது பொருந்தாது. சீலுக்குள் இருக்கும் கோளாறு வெளியே தெரியாது, அது உங்களுக்குச் சாதகம். யூனிட்டைத் திறக்கும் முன் யார்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள், ஆளனுப்பச் சொல்லுங்கள். திறக்கும்போது படமெடுங்கள், ஒயில் மாதிரியைப் போத்தலில் எடுத்து வையுங்கள். நீங்களே பிரித்துக் கெடுத்ததாக அப்புறம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

அவர் கைவிரித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். துரித இலக்கம் 1977. உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. பற்றுச்சீட்டு கையில் இல்லையென்றால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவது வியாபாரியின் சட்டக் கடமை.